மேக்னம் ரைபிள் கூடு: எந்தப் பித்தளை நல்ல பித்தளை?

கேள்வி, 2024 ஜூலை 6

மச்சான் கனடாவில், அல்பெர்ட்டா பக்கம் இருக்கிறார். லைசென்ஸோடு எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். ரைபிள் .300 வின்செஸ்டர் மேக்னம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து வைத்து, புது பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு போட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார். அங்கே அது சட்டப்படி சரி. போன வருடம் வாங்கிய கூடுகளில் கழுத்து நீளவாக்கில் வெடிக்கிறதாம். அந்த கம்பெனி மட்டம், இனி ஃபின்லாந்துக் கூடுதான் என்கிறார். விலை ரொம்ப அதிகம். பித்தளை எல்லாம் பித்தளைதானே? நம்ம பக்கம் பிரஸ் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்.

2024 ஜூலை 6, இரவு

பித்தளை எல்லாம் பித்தளை இல்லை தம்பி. திருவொற்றியூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் 27 வருடம் பித்தளைத் தகட்டை இழுத்துக் குப்பி செய்தவன் நான். ஸ்டவ் பர்னர் மூடி, பல்பு தொப்பி, விளக்குத் தலை என்று கணக்கில்லாமல் இழுத்திருக்கிறேன். துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் தோட்டாக் கூடும் தகட்டிலிருந்து இழுத்த குப்பிதான். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

கூட்டுக்குப் போடுவது செம்பு 70, துத்தநாகம் 30 கலந்த பித்தளை. அந்தக் கலவைக்கு உலகம் முழுக்கத் தோட்டாப் பித்தளை என்றே பெயர். 30 என்ற அளவில்தான் பித்தளை கிழியாமல் அதிகமாக நீளும். துத்தநாகத்தை 40க்குக் கொண்டுபோனால் விலை குறையும், ஆனால் குளிர்ந்த நிலையில் இழுக்கும்போது முறிந்துவிடும். லேத்தில் கடையும் கம்பிப் பித்தளையில் சுமார் 3 சதவீதம் ஈயம் இருக்கும். துருவல் தூள் தூளாக உதிரும், டூலுக்கு சுகம். அதை பிரஸ்ஸில் இழுத்தால் முதல் அடியிலேயே அடி கழன்று விழும். மூன்றையும் பாலிஷ் போட்டு மேஜையில் வைத்தால் கண்ணுக்கு ஒரே மஞ்சள்தான்.

அப்புறம் செய்முறை. தகட்டிலிருந்து வட்டமாக ஒரு பில்லை வெட்டுவார்கள். அது கிண்ணமாகும். கிண்ணத்தை டை என்கிற அச்சுத் துளை வழியாகத் தள்ளி இழுத்தால் நீளும், கூடவே இறுகும். இறுகியதை அப்படியே அடுத்த இழுப்புக்குக் கொடுத்தால் கிழியும். அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் உலையில் வைத்து இளக்க வேண்டும். கடைசியில் அடியைக் குளிர்ந்த நிலையிலேயே ஓங்கி அடித்து உருவாக்குவார்கள். அந்த அடியில்தான் அது கடினமாகிறது. கழுத்தை மட்டும் தனியாகச் சூடுகாட்டி மெதுவாக்குவார்கள். ஒரே துண்டு பித்தளையில் கீழே கல் மாதிரி, மேலே மெத்தென்று. நல்ல கூடு என்பதற்கு முதல் அர்த்தம் இதுதான்.

பார்க்க வேண்டியவை: சுவர் தடிமன் சுற்றிலும் ஒரே அளவா, பிரைமர் பள்ளம் இறுக்கமா, கழுத்து ஒருபக்கம் தடித்திருக்கிறதா. கனமான கூடு என்றால் நல்லது, பித்தளை கூடப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கழுத்தில் நீலமும் பழுப்புமாகச் சாயம் ஓடியிருந்தால் வாங்க வேண்டாம், எவரோ சூடுகாட்டிய பழைய சரக்கு.

2024 ஜூலை 7, காலை

நேற்று எழுதியதில் ஒன்று தப்பு. கழுத்துச் சாயம். ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். கழுத்தை இளக்கினால் அந்தச் சாயம் வந்தே தீரும். பல கம்பெனிகள் அதற்குப் பிறகு பாலிஷ் போட்டு அழித்துவிடுகின்றன, சிலர் அழிப்பதில்லை. ராணுவத் தோட்டாக்களில் அந்தச் சாயம் தெரியவே விட்டுவிடுவார்கள், இளக்கினார்களா என்று பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக. தம்பியின் மச்சான் சொல்கிற ஃபின்லாந்து லபுவா கூட்டிலும் சாயம் அப்படியே இருக்கும். ஆக புதுப் பெட்டியில் சாயம் இருந்தால் நல்ல அடையாளம். நான் சொன்னதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 9

மேக்னம் என்றால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஷாம்பெயின் மதுவில் பெரிய பாட்டிலுக்கு மேக்னம் என்று பெயர். அதிலிருந்து வந்த சொல். வழக்கமானதைவிட அதிக மருந்து கொள்ளும் தோட்டா.

அழுத்தத்தைச் சொன்னால்தான் கூட்டின் பாடு புரியும். .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு அமெரிக்கத் தரக்குழு வைத்திருக்கும் உச்ச வரம்பு சதுர இன்ச்சுக்கு 64,000 பவுண்டு. உங்கள் கார் டயரில் 32 பவுண்டு காற்று என்றால், அதைப்போல 2,000 மடங்கு. பழைய .30-30 ரைபிளுக்கு 42,000தான். மான் வேட்டைக்கு அது போதும் என்று நூறு வருடத்துக்கு மேலாகச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டாவில் சுமாரான கூடும் பிழைத்துப் போகும். மேக்னத்தில் பிழைக்காது.

அழுத்தம் வரும்போது நடப்பதை எங்கள் பிரஸ் பாஷையில் சொல்கிறேன். கூட்டின் முன்பக்கச் சுவர் மெல்லியது. அது வீங்கி, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். அடி தடிமன், அது பிடிக்காது, பின்னால் தள்ளும். அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் முட்டும்வரை போகும். பிடித்த இடத்துக்கும் போன இடத்துக்கும் நடுவில் பித்தளை நீள வேண்டும். ஒவ்வொரு சுடுக்கும் அங்கே ஒரு இழுப்பு. நாங்கள் டையில் செய்ததை துப்பாக்கி தன் அறைக்குள் செய்கிறது, நடுவில் உலை மட்டும் இல்லை.

அடியில் பெல்ட் மாதிரி ஒரு தடித்த வளையம் இந்த மேக்னம் கூடுகளில் இருக்கும். 1912இல் இங்கிலாந்தில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .375 மேக்னம் கொண்டுவந்தபோது அதற்கு ஒரு வேலை இருந்தது. அந்தக் கூட்டின் தோள், அதாவது உடல் ஒடுங்கிக் கழுத்தாகும் இடம், ரொம்பச் சரிவு. அறைக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்க வேண்டும் என்பதைத் தோள் சரியாகப் பிடிக்காது. பெல்ட் பிடித்து நிறுத்தியது. 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னத்தின் தோளுக்கு அந்தக் குறை இல்லை. பெல்ட் பழக்கத்தில் கூடவே வந்துவிட்டது. தொல்லை எங்கே என்றால், பெல்ட்டை நம்பி அறையைக் கடைகிறார்கள், தோள் பக்கம் இடம் தாராளமாக விட்டுவிடுகிறார்கள். முதல் சுடிலேயே கூடு அந்த இடத்தை நிரப்ப நீண்டுவிடும்.

தம்பி, மச்சானிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். வெடிப்பு நீளவாக்கிலா, குறுக்குவாக்கிலா? கழுத்திலா, பெல்ட்டுக்கு மேலேயா? இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

2024 ஜூலை 9, சாயங்காலம்

கழுத்தில், நீளவாக்கில் என்று பதில் வந்துவிட்டது. படமும் வந்தது. பேரன் போனில் பெரிதாக்கிக் காட்டினான். தலைமுடி மாதிரி மெல்லிய கோடு, கழுத்து விளிம்பிலிருந்து தோள்வரை. ஒன்றில் இரண்டு கோடு. இந்தக் கோட்டை நான் முன்னால் பார்த்திருக்கிறேன். எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.

2024 ஜூலை 14

நினைவுக்கு வந்தது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

1994 ஐப்பசி மழை. எங்கள் ஷாப்பில் இடம் போதாமல், இழுத்து முடித்த பர்னர் மூடிகளை சாக்கில் கட்டி காசிமேட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு குடோனில் போட்டிருந்தோம். பொங்கல் முடிந்து ஆர்டருக்காக மூட்டையைப் பிரித்தால் முக்கால்வாசி மூடியின் விளிம்பில் கோடு. உள்ளே போகும்போது ஒவ்வொன்றையும் நானே விரலால் தடவிப் பார்த்து அனுப்பியவன். யாரும் அதில் அடிக்கவில்லை, நசுக்கவில்லை, சும்மா கிடந்த சரக்கு. சும்மா கிடந்தே வெடித்திருந்தது.

சூப்பர்வைசர் தகடு கொடுத்தவர்மேல் பழி போட்டார். தகட்டுக்காரர் உலை வேலை சரியில்லை என்று எங்கள்மேல் போட்டார். ஒரு வாரம் சண்டை. கடைசியில் ஒரு பெரியவர், கப்பல் ரிப்பேரில் இருந்து ஓய்வுபெற்ற ஃபிட்டர், மூடியை வாங்கிப் பார்த்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கட்டிடத்துக்குப் போனார். அது ஐஸ் கம்பெனி. மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி போடுகிற இடம். உள்ளே கண்ணெரிச்சல். "இங்கே ஒரு பித்தளை வால்வு காட்டு பார்ப்போம்" என்றார். தேடினோம். குழாய், வால்வு, கேஜ் எல்லாம் இரும்பு, ஸ்டீல். ஒன்றுகூடப் பித்தளை இல்லை. ஐஸ் போடும் பிளாண்டில் ஓடுவது அமோனியா. அது இருக்கும் இடத்தில் பித்தளை நிற்காது என்பது அந்தத் தொழிலில் சின்னப் பையனுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை.

பித்தளைக்குள் இழுப்பின் அழுத்தம் தங்கியிருக்க வேண்டும். காற்றில் ஈரம் வேண்டும். கொஞ்சம் அமோனியா வேண்டும். மூன்றும் சேர்ந்தால் வெடிக்கும், ஒன்று இல்லாவிட்டாலும் வெடிக்காது. எங்கள் மூடிக்கு மூன்றும் கிடைத்தது.

இதற்கும் தோட்டாவுக்கும் சம்பந்தம் உண்டு என்று அந்தப் பெரியவர்தான் முதலில் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயத்தில் வைத்திருந்தார்கள். மழை முடிந்து எடுத்தால் கூடு எல்லாம் வெடிப்பு. மழை சீசனில் வருவதால் சீசன் வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். பல வருடம் காரணம் தெரியவில்லை. 1921இல்தான் விளக்கம் கிடைத்தது: குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியா, கூடவே கூட்டுக்குள் தங்கிய இழுப்பு. இதமான சூட்டில் வைத்து அந்த இழுப்பை எடுத்துவிட்டால் வெடிப்பு நின்றுபோகும்.

எண்ணூரில் 2023 டிசம்பரில் கடலுக்கடியில் போன குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் ராத்திரியில் வீட்டை விட்டு ஓடினார்களே, அன்றைக்கும் எனக்கு அந்த மூடிகள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு சாக்குப் பித்தளையையே வெடிக்க வைக்கிற புகை, மனிதர்களின் நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

தம்பி, மச்சானிடம் ஒரே கேள்வி: நிரப்பிய தோட்டாவை எங்கே வைக்கிறார்?

2024 ஜூலை 16

குதிரை லாயம். சேணம் மாட்டி வைக்கும் அறையில், மர அலமாரியில். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குதிரை.

தம்பி அனுப்பிய பதிலை மூன்று தடவை படித்தேன். நூறு வருடத்துக்கு முன்னால் நம் ஊர் மழையில் நடந்தது, பனி பெய்கிற கனடாவில் அப்படியே நடந்திருக்கிறது. சுடாமல் கிடந்த தோட்டாக்களில் ஏழு வெடித்திருக்கின்றன என்கிறார். அதுதான் சாட்சி. சுட்டபோது வெடித்தால் கழுத்து இறுகிப்போனது என்று சொல்லலாம். சும்மா கிடக்கும்போது வெடித்தால் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். நிரப்பிய தோட்டாவின் கழுத்து குண்டை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கிறது, நாள் முழுக்க, மாதக்கணக்கில். மெல்லிய இடம், நிற்காத இழுப்பு, பக்கத்தில் குதிரை.

அந்தக் கம்பெனிக் கூட்டை மட்டம் என்று சொல்வதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் தோட்டாக்களை லாயத்திலிருந்து வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், அங்கே சட்டம் சொல்கிறபடி பூட்டி. கோடு விழுந்த ஏழையும், அந்த அலமாரியில் இருந்த மற்றதையும் சுடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத கோடு இருக்கும்.

பாலிஷ் விஷயமும் இதே. அமோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் நிறைய உண்டு. விளக்குக்குப் போடலாம். தோட்டாக் கூட்டுக்குப் போடவே கூடாது.

2024 ஜூலை 21

இன்னொரு திருத்தம். கனமான கூடு நல்லது என்று முதல் நாள் எழுதினேன். ஸ்டவ் மூடிக்கு அது சரி. கூட்டுக்குத் தவறு, அதுவும் ஆபத்தான தவறு. வெளி அளவை அறை முடிவு செய்துவிடுகிறது. பித்தளை கூடினால் உள்ளே இடம் குறையும். அதே மருந்தைக் குறைந்த இடத்தில் எரித்தால் அழுத்தம் ஏறும். மச்சான் லேசான கூட்டில் பார்த்து வைத்த மருந்து அளவை, கம்பெனி மாற்றிக் கனமான கூட்டில் அப்படியே போட்டால் 64,000ஐத் தாண்டிவிடலாம். கூட்டின் கம்பெனி மாறினால் நிரப்புகிற புத்தகத்தில் இருக்கும் தொடக்க அளவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இதை நான் தாமதமாகச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

ஆக தேடுவது கனம் இல்லை, ஒரே மாதிரி இருப்பது. ஐம்பது கூடும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

எடை போட்டுப் பிரிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே பெட்டிக்குள் மட்டும் அது ஓரளவு உதவும். ஆனால் அடியில் லேத்தில் கடையும் பள்ளம் கொஞ்சம் ஆழமானாலும் எடை குறையும், உள் இடமோ மாறாது. நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் தண்ணீர். சுட்ட கூட்டில் பழைய பிரைமரை எடுக்காமல் எடை போடுங்கள். விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி மறுபடி போடுங்கள். வித்தியாசம்தான் உள் கொள்ளளவு. ஸ்டவ் டாங்கியின் கொள்ளளவை நாங்கள் இப்படித்தான் சோதித்தோம்.

2024 ஜூலை 22

புளி போட்டுத் தேய்க்கலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார், விளக்கைத்தான். தாராளமாக. எங்கள் அம்மா ராயபுரம் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் புளியும் சாம்பலும்தான். ஆனால் தேய்த்ததும் கழுவிவிட வேண்டும். ஊற வைத்தால் விளக்கு ரோஜா நிறத்துக்குப் போகும். மேலே இருக்கும் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் நிற்கிறது, அதுதான் அந்த நிறம். கூட்டைக் கழுவ எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். லேசான கரைசலும் பத்து நிமிடமும் போதும். கூடு ரோஜா நிறம் காட்டினால் அளவுக்கு மேலே போய்விட்டது.

2024 ஆகஸ்ட் 4

மச்சான் மனசு வைத்து ஒரு காரியம் செய்திருக்கிறார். பழைய கூடு ஒன்றும், புதுக் கூடு இரண்டு கம்பெனியில் ஒவ்வொன்றும் எடுத்து நீளவாக்கில் பாதியாக அறுத்து, அரம் போட்டு, படம் அனுப்பியிருக்கிறார். கம்பெனிப் பெயரைக் கேட்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். பெயர் தெரிந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாயும்.

ஆறு தடவை சுட்ட பழைய கூட்டில் பெல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே உட்பக்கம் ஒரு பள்ளம். சுற்றிலும் மோதிரம் மாதிரி. சுவர் அங்கே பாதிக்குக் கீழே தேய்ந்திருக்கிறது. இன்னும் ஒன்றிரண்டு சுடு போயிருந்தால் கூடு இரண்டாகப் பிரிந்திருக்கும். அடி தனியாக வெளியே வந்து, மீதி அறைக்குள் மாட்டிக்கொள்ளும். நல்ல காலமென்றால் அவ்வளவோடு போகும். கெட்ட காலமென்றால் சூடான வாயு பின்பக்கம் கண்ணைப் பார்த்து வரும். படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கழுத்து வெடிப்பைத் தேடிப் போனோம், அதைவிடப் பெரியது அகப்பட்டது.

இதற்கும் கூட்டின் தரத்துக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். சுட்டு வீங்கிய கூட்டைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவரும் சைசிங் டையை வைக்கும் விதம்தான் காரணம். டையை அடிவரை திருகி, தோளைப் புதுக் கூட்டின் இடத்துக்கே பின்னால் தள்ளியிருக்கிறார். துப்பாக்கி அதை மறுபடி முன்னால் இழுக்கிறது. தள்ளு, இழு, தள்ளு, இழு. வெல்டிங் கம்பியைக் கையால் மடக்கி மடக்கி ஒடிப்பது போலத்தான். தோளை இரண்டு தௌ மட்டும் தள்ளினால் போதும். ஒரு தௌ என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்று, லேத் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். பெல்ட்டை மறந்துவிட்டு, சுட்ட கூட்டின் தோள் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அளக்க வேண்டும்.

அறுக்காமலும் கண்டுபிடிக்கலாம். சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியைக் கூர்மையாக்கி, எல் மாதிரி வளைத்து, கூட்டுக்குள் விட்டு சுவரோடு மேலே இழுத்து வாருங்கள். பள்ளத்தில் நுனி தட்டும். தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கிக் குப்பையில் போடுங்கள், வேறு யார் கையிலும் முழுசாகப் போகக்கூடாது.

2024 ஆகஸ்ட் 5

புதுக் கூடு இரண்டையும் பற்றி நேற்று எழுத விட்டுப் போயிற்று. முதல் கூட்டில் இரண்டு பக்கச் சுவரும் கண்ணுக்கே வேறு வேறு தடிமன். தகட்டை டைக்குள் தள்ளும் பஞ்ச் நடுவில் இறங்கவில்லை. கிண்ணம் செய்யும்போதே பிசகினால் அடுத்தடுத்த எந்த இழுப்பும் அதைச் சரிசெய்யாது, நீட்டிப் பெரிதாக்கும். பிரைமர் நெருப்பு போகும் துளையின் உட்பக்கம் பிசிறு நிற்கிறது, குத்தி எடுத்த துளை.

இரண்டாவதில் சுவர் இரண்டு பக்கமும் அச்சு மாதிரி. அடியிலிருந்து சுவருக்கு வளையும் இடம் மெதுவாக, அழகாக வளைந்து ஏறுகிறது. துளை சுத்தம். கழுத்து உள்ளேயும் வழவழப்பு. தகடு அதிகமாக இளகியிருந்தால் மேல்பரப்பு கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாக வரும், அது துளியும் இல்லை. 27 வருடம் குப்பி இழுத்தவன் சொல்கிறேன், இதைச் செய்தவன் தன் டையைத் தினமும் துடைத்து வைக்கிறவன்.

.300 வின்செஸ்டர் மேக்னத்தில் கழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். குண்டின் விட்டம் .308 இன்ச், கழுத்தின் நீளம் .264 இன்ச்தான். பிடிமானம் விட்டத்தைவிடக் குட்டை. அந்தச் சின்ன கழுத்தில் ஒரு பக்கம் தடித்திருந்தால் குண்டு கோணலாக உட்காரும்.

2024 ஆகஸ்ட் 18

கழுத்தைத் தானே இளக்கலாமா என்று மச்சான் கேட்கிறார். கேஸ் டார்ச்சில் சுற்றிச் சுற்றிச் செய்கிறார்கள், அதற்கென்று மெஷினும் வந்துவிட்டது. செய்தால் கழுத்து நாலைந்து சுடுக்கு மேலும் தாங்கும். ஆனால் எனக்குப் பயம் அடியைப் பற்றித்தான். சூடு கீழே இறங்கி அடி 250 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், ஓங்கி அடித்து ஏற்றிய கடினம் இறங்க ஆரம்பிக்கும். இறங்கிய கடினத்தைத் திரும்ப ஏற்ற வழி இல்லை. அடி மெதுவாகிப்போன கூட்டில் 64,000 பவுண்டு என்பதை யோசித்துப் பாருங்கள். கூடு செக்கச்சிவக்க ஆக வேண்டும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். சில விநாடிதான் வேலை. வெப்பம் காட்டும் பெயிண்டைத் தோளுக்குக் கீழே தீட்டி, அது உருகாமல் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

நிக்கல் முலாம் போட்ட கூடு கழுத்தில் சீக்கிரம் வெடிக்கும் என்று பலரும் சொல்கிறார்கள். ஒரு தடவை சுட்டுத் தூக்கிப் போடுவதற்கு அது நன்றாக இருக்கும். திரும்பத் திரும்ப நிரப்ப நான் வெறும் பித்தளையையே சொல்வேன்.

2024 செப்டம்பர் 1

இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள், இங்கே வீட்டில் நிரப்பலாமா என்று. வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும், தோட்டாவின் பாகங்களும் அந்தச் சட்டத்துக்குள் வரும். ஞாபகத்துக்கு என்று வெளிநாட்டிலிருந்து காலிக் கூட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டாம். மச்சான் எனக்கு ஒரு கூடு கொண்டுவந்து தருகிறேன் என்றார். ஆசையாகத்தான் இருந்தது. படம் போதும் என்று சொல்லிவிட்டேன்.

2024 செப்டம்பர் 15

சுட்ட கூடு மலிவாகக் கிடைக்கிறது, ஒரு தடவைதான் சுட்டது என்கிறார்கள், வாங்கலாமா என்று மச்சான் கேட்டார். மேக்னத்தில் வேண்டாம். எந்த ரைபிளில் சுட்டது, அதன் அறை எவ்வளவு தாராளம், பெல்ட்டுக்கு மேலே எவ்வளவு நீண்டது என்று யாருக்குத் தெரியும்? பெல்ட்டுக்கு மேலே வீங்கியிருந்தால் சாதாரண சைசிங் டை அந்த இடம்வரை எட்டாது, உங்கள் அறையில் போய் இறுகி நிற்கும். அதற்குச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் தனி காலெட் டை இருக்கிறது, ஆனால் வீக்கத்தைத்தான் அது சரிசெய்யும், தேய்ந்த சுவரை நிரப்பாது.

சவுகார்பேட்டையில் பழைய பித்தளை வாங்கும்போதும் இதே கதைதான். ஹனி என்று பெயர் போட்டு வரும் மூட்டையில் குழாய் வால்வும் லேத் துருவலும் கலந்து கிடக்கும். உருக்கிப் பார்த்தால்தான் தெரியும் யார் யார் உள்ளே இருந்தார்கள் என்று.

2024 அக்டோபர் 16

இரண்டு நாளாக மழை, தெருவில் முழங்கால் தண்ணீர். வீட்டில் உட்கார்ந்து மச்சானின் புதுக் கடிதத்தைப் படித்தேன். தம்பி அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார், நனையாமல் சட்டைக்குள் வைத்து.

இரண்டாவது கூட்டை, அந்த அச்சு மாதிரி சுவர் கொண்டதை, ஒரே லாட் நம்பரில் நூறு வாங்கியிருக்கிறார். ஐந்நூறு மலிவு என்றார்கள், நான் நூறு போதும் என்றேன். நூறையும் சம அளவில் சுற்றுக்கு விட்டால் எத்தனை சுடு ஆயிற்று என்ற கணக்கு தவறாது. பெட்டி மூடியில் ஒவ்வொரு சுடுக்கும் ஒரு கோடு போடுகிறார். டையைத் தளர்த்தி இரண்டு தௌ வைத்திருக்கிறார். மூன்று தடவை சுட்டதில் ஸ்போக் கம்பிக்குப் பள்ளம் எதுவும் தட்டவில்லை. பிரைமர் விரல் பலத்தில் போகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிறார், இன்னும் இறுக்கம்தான். பள்ளம் தளர்ந்த அன்றைக்கு அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது.

கம்பெனிப் பெயரையும் கடைசியில் எழுதிவிட்டார். ஃபின்லாந்து இல்லை. அவர் முதலில் நினைத்திருந்த எதுவும் இல்லை.

பழைய கம்பெனிக் கூட்டில் லாயத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்த இருபதைத் தனியாக வைத்திருக்கிறாராம். ஒன்றில்கூட கழுத்தில் கோடு விழவில்லை. அடுத்த கோடைவரை அப்படியே வைத்திருந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். லாயத்து அலமாரியில் இப்போது சேணத்துக்குப் போடும் எண்ணெய் டப்பா மட்டும்தான் இருக்கிறதாம். சேணத்தில் பித்தளைக் கொக்கி இருக்கிறது, அது ஏன் வெடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பழைய கொக்கி வார்ப்பு வேலையாக இருக்கும், இழுத்துச் செய்ததில்லை, உள்ளே இழுப்பு தங்கியிருக்காது. படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.